டிஸ்பிளே கார்டுக்கு ஒரு பொட்டு

ஆவுடையப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ராஜபாளையத்தில் தெரியாதவர் கிடையாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர் வாய்க்குப் பஞ்சம் வைத்தால் பிழைக்க முடியுமா என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் அந்தச் சரஸ்வதி பூஜையன்று டாக்டரம்மாவிடம் அவர் விட்ட சவடாலை நினைத்தால் பிற்பாடு அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. நேரம், பகல் பன்னிரண்டு மணி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, ஏறாத கோவிலெல்லாம் ஏறி, அவர் மனைவி சண்முகத்தாய்க்கு ஒரு பெண்குழந்தை பிறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை நன்றாக வீறிட்டு அழுதது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை.

"ஓ நெகட்டிவ் வேணும்," என்றார் டாக்டரம்மா. "மதுரைக்கு ஆள் அனுப்புங்க. ஆனா அது வந்து சேர சாயங்காலம் ஆயிரும். ரெண்டரைக்குள்ள ஒரு பாட்டிலாவது இங்க கிடைச்சா அதுவரைக்கும் தாங்குவாங்க. கிடைக்கலேன்னா என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

மைத்துனன் சோலைராஜ் கார் பிடித்து மதுரைக்குப் பறந்தான். சொந்தபந்தம் அத்தனை பேர் விரலிலும் குத்திப் பார்த்தாயிற்று. ஒருத்தருக்கும் அந்த ரத்தம் இல்லை. எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்க, ஆவுடையப்பன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கவலைய விடுங்க டாக்டரம்மா. ரத்தம் குடுக்கிறவங்க நானூத்திப் பன்னெண்டு பேரு என் கம்ப்யூட்டர்ல இருக்காங்க. பட்டனைத் தட்டினா ஓ நெகட்டிவ் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். ஒரு மணி நேரத்துல ஆளோட வாரேன்."

சும்மா சொல்லவில்லை. சேவைக்காக நாலு நண்பர்கள் சேர்ந்து நடத்திய ரத்ததானக் குழுவுக்கு அவர்தான் காரியதரிசி. மூன்று வருஷம் முகாம் முகாமாக அலைந்து, பெயர், ஊர், ரத்தம் என்ன வகை என்று நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். சண்முகத்தாயின் பெயரும் அதில் உண்டு. அவள் ஒருதரம் கொடுத்தும் இருக்கிறாள், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு. அன்றைக்கு ஆவுடையப்பன் டைப்ரைட்டிங் பரீட்சை வேலையாக மதுரையில் இருந்தார். யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பிறகு கம்ப்யூட்டர் வாங்கினார். நோட்டில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றினார். ஏற்றி முடித்த அன்றே நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிப் போட்டார். "ஓரமாக் கெடந்துட்டுப் போகுது, இருக்கட்டுமே," என்றாள் சண்முகத்தாய். "கம்ப்யூட்டர்ல ஏறின பொறவு நோட்டு எதுக்குட்டி, கரையானுக்கு விருந்து வைக்கவா?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தோடு தன் ஞாபகத்துக்கும் லீவு விட்டுவிட்டார். ஓ நெகட்டிவ் நாலைந்து பேர் உண்டு என்பது வரைக்கும் நினைவிருந்தது. யார், எந்த ஊர் என்றால் ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். சண்முகத்தாயின் முகம் வெள்ளைத்துணி மாதிரி வெளுத்திருந்தது. அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வந்துருங்க," என்றாள். பிடியில் பலமே இல்லை. ஆவுடையப்பன் விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

டி.வி.எஸ். ஃபிப்டியை முறுக்கினார். ரோடு முழுக்க ஆயுதபூஜை. மில் கேட்டில் வாழைமரம், லாரி மூஞ்சியில் மாலை, நடுரோட்டில் உடைத்துப் போட்ட பூசணிக்காய். ஒரு பூசணித் துண்டில் சக்கரம் ஏறி வண்டி சறுக்கியது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். "ஏலே, ரோட்டுல உடைச்சா ஓரமாத் தள்ளணும்னு தெரியாதால?" என்று ஆளே இல்லாத ரோட்டைப் பார்த்துக் கத்திவிட்டு மறுபடி முறுக்கினார். ராஜபாளையம் வந்து இன்ஸ்டிட்யூட்டின் பூட்டைத் திறக்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

உள்ளே சந்தன வாடை. பன்னிரண்டு டைப்ரைட்டருக்கும் காலையில் வைத்த பொட்டும் பூவும் அப்படியே இருந்தன. கம்ப்யூட்டருக்கு மட்டும் பெரிய மாலை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்யாமல் தொடக்கூடாது என்பது முறை. ஆவுடையப்பன் முறை தவறாதவர். இன்றைக்கு முறையாவது ஒன்றாவது! மாலையைப் பிடுங்கி வீசிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

உள்ளேயிருந்து சடசடவென்று ஒரு சத்தம். பொசுக்கென்று ஒரு புகை, பிளாஸ்டிக் கருகிய நாற்றம். பிறகு ஒரு நீள விசில், ரெண்டு குட்டை விசில். திரை கறுப்பாகவே கிடந்தது.

சுவிட்சை அணைத்து, திருகு கழற்றி, மூடியைத் தூக்கினார். பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

காலையில் நடந்தது இதுதான். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் டப்பாவுக்குத்தான் பொட்டு வைப்பார்கள். ஆவுடையப்பனுக்கு அது போதவில்லை. "உள்ள இருக்கிறதுதான மிஷின்? டப்பாவுக்கு வச்சா டப்பாவுக்குத்தான் புண்ணியம்," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒவ்வொரு கார்டுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்து, மாவிலையால் மூன்றுதரம் தீர்த்தமும் தெளித்திருந்தார். மற்றதெல்லாம் தப்பித்துவிட்டது. திரைக்குப் படம் அனுப்புகிற டிஸ்பிளே கார்டில் மட்டும் தண்ணியாய்ப் போன சந்தனம் சிப்புகளின் கால்களுக்கிடையே வழிந்து இறங்கி, அரைகுறையாகக் காய்ந்திருந்தது. கரண்டு பாய்ந்ததும் கருகிவிட்டது. பொட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்பு வட்டம்.

"ஐயோ, கும்பிட்டுக் கும்பிட்டுக் கொன்னுட்டேனே," என்றார்.

கார்டைப் பிடுங்கினார். வேட்டி நுனியால் துடைத்தார். அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். திரும்பச் செருகிச் சுவிட்சைப் போட்டார். நீள விசில் ஒன்று, குட்டை விசில் ரெண்டு. மறுபடி பிடுங்கினார், தேய்த்தார், செருகினார். அதே விசில். மணி ஒன்று ஐந்து. கார்டைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிட்டு, போனை எடுத்துக் காசிராஜனைக் கூப்பிட்டார்.

காசிராஜன் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அடுத்த தெருதான் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன், "ஏமிரா இது?" என்று அவன் வீட்டுத் தெலுங்கில் கத்தினான். "எவனாவது கார்டுக்குச் சந்தனம் பூசுவானாலே?"

"பூசிட்டேன். செருப்பைக் கழட்டிப் பொறவு அடி. இப்ப ஒங்க மில்லு ரூமைத் திற. இந்த டிஸ்க்கைக் கழட்டி அங்க மாட்டிப் பாத்துருவோம்."

"ரூம் பூஜையில இருக்கு, ஆவுடை. சாவி மொதலாளிகிட்ட. அவிய குடும்பத்தோட குத்தாலத்துக்குப் போயிருக்காக."

"வேற யார்ட்ட கம்ப்யூட்டர் இருக்கு?"

காசிராஜன் விரல் விட்டு எண்ணினான். ஊரில் இருந்ததே ஏழெட்டு. எல்லாம் மில்லிலும் ஆபீசிலும். எல்லாம் பூட்டு. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் வாட்ச்மேன் எடுத்து, "பூஜையில வச்சதுங்க, நாளைக்குத்தான்," என்று வைத்துவிட்டான். ஆவுடையப்பன் அவனைத் திட்டாத வார்த்தை இல்லை. ஆனால் காலையில் யாராவது வந்து தன் கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தால், தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்பது உள்ளுக்குள் குத்தியது.

"எங்க வீட்டுல ஸ்பேர் கார்டு ஒண்ணு கெடக்கு," என்று காசிராஜன் ஓடினான். அவன் வருகிறவரை ஆவுடையப்பன் சுவரில் மாட்டிய சரஸ்வதியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். போன் அடித்தது. மாமியார்.

"மாப்ளே, ஆளு கெடச்சுட்டாகளா? துணி மாத்தி மாத்திப் பாக்காக மாப்ளே. பிள்ளை கூப்பிட்டாக் கண்ணைத் தொறக்க மாட்டேங்கா."

"வாரேன் அத்தே. இந்தா கெளம்பிட்டேன்," என்றார். பச்சைப் பொய்.

காசிராஜன் கார்டோடு வந்தான். புதுக் கார்டு, பளபளவென்று இருந்தது. செருகப் போனால் உட்காரவில்லை. அதன் பல் ஒரு மாதிரி, இந்தப் பலகையின் பொந்து வேறு மாதிரி. திருப்பி வைத்துப் பார்த்தார்கள். அழுத்தப் போன ஆவுடையப்பனின் கையைக் காசிராஜன் பிடித்துக்கொண்டான். "இது புது மாடலுப்பா. ஒன் மிஷின் பழசு. சேராது," என்றான். மணி ஒன்று முப்பது.

ஆவுடையப்பன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். நானூத்திப் பன்னெண்டு பேர் அந்தத் தகர டப்பாவுக்குள்தான் இருக்கிறார்கள். ஒரு முழம் தள்ளி அவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெயரை வெளியே எடுக்க வழியில்லை. ஏழெட்டு மைல் தள்ளி அவள் போய்க்கொண்டிருக்கிறாள். அவருக்கு அழுகை பீறிட்டது. சின்னப்பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். "நோட்டை இருக்கட்டும்னு சொன்னாடா! பாவிமக சொன்னா, நாந்தான் கேக்கலை!" என்று கீபோர்டின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

கீபோர்டின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

முதலில் அதை அவர் கவனிக்கவில்லை. காசிராஜன்தான், "மெயின் சுவிட்சை அணைச்சியா இல்லியா?" என்று கேட்டபடி குனிந்தான். கார்டைச் செருகிப் பார்க்கிற பதற்றத்தில் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டிருந்தார்கள், விசில் அடித்தது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே கார்டே இல்லாத கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் மூக்கைச் சிந்திவிட்டு, கேப்ஸ் லாக் என்ற கட்டையை ஒருதரம் தட்டினார். விளக்கு அணைந்தது. தட்டினார். எரிந்தது.

"காசி," என்றார் மெதுவாக. "மிஷின் சாகலைடா. கண்ணுதான் போயிருக்கு. காது கேக்குது, சொன்னாச் செய்யுது."

"செஞ்சு என்ன புண்ணியம்? திரையில ஒண்ணும் தெரியாதே."

"திரை எதுக்கு? பிரிண்டர் இருக்குல்லா."

இருபது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர் அவர். கட்டையைக் குனிந்து பார்க்கிற பிள்ளைகளின் கைமேல் துண்டை விரித்துப் போட்டு மூடிவிடுவார். "பாக்காத. கை பாக்கும்," என்பதுதான் அவர் இன்ஸ்டிட்யூட்டின் முதல் பாடம். அந்தத் துண்டு இன்றைக்குத் தன் தலையிலேயே விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிரிண்டர் மேல் இருந்த பூவைத் தள்ளிவிட்டு, பேப்பரைக் கோத்து, சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விசில் அடித்து ஓய்ந்தது. டிஸ்க் கரகரவென்று சுற்றி நின்றது. இப்போது தேதி கேட்கும், ஒரு என்டர். நேரம் கேட்கும், இன்னொரு என்டர். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெயர்ப்பட்டியல் இருக்கிற புரோகிராமைக் கூப்பிடும் கட்டளையை அடித்தார். டிஸ்க் மறுபடி கரகரத்தது. "வந்துட்டு, வந்துட்டு," என்று காசிராஜன் முணுமுணுத்தான். பட்டியலைத் திறக்கிற கட்டளை. சின்னதாய் ஒரு கரகரப்பு. கடைசியாக, குரூப் ஓ நெகட்டிவாக இருக்கிறவர்களை மட்டும் பிரிண்டருக்கு அனுப்பு என்று இங்கிலீஷில் ஒரு நீள வரி. என்டர்.

பிரிண்டர் அசையவில்லை.

எங்கேயோ தப்பு. என்ன தப்பு என்று திரையில் எழுதிக் காட்டியிருக்கும். பார்க்கத்தான் வழியில்லை. மறுபடி அடித்தார். அசையவில்லை. மணி ஒன்று நாற்பது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து கட்டைமேல் சொட்டியது. "யோசி, ஆவுடை, யோசி," என்று காசிராஜன் தோளைப் பிடித்தான். ஆவுடையப்பன் யோசித்தார். பட்டியல் போட்ட முதல் நாள், பக்கத்தில் சண்முகத்தாய் நோட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க இவர் அடித்தார். ரத்த வகை எழுதுகிற பத்திக்குக் குரூப் என்று முழுசாகப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு, தலைப்பில் வெறும் ரெண்டே எழுத்து, பி ஜி என்று வைத்தார். "பிளட் குரூப்புன்னு முழுசாப் போடுங்களேன்," என்று அவள் அதற்கும் சொன்னாள். அதையும் கேட்கவில்லை.

பி ஜி என்று போட்டு மறுபடி அடித்தார். என்டர்.

ஒரு நொடி. பிறகு பிரிண்டர் கீச்சென்று கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அந்தக் காதைக் குடைகிற சத்தத்தை அவ்வளவு ஆசையாக அவர் கேட்டதே இல்லை. நாலே நாலு வரி. பேப்பரைக் கிழித்தார்.

முதல் வரி: சண்முகத்தாய், கணவர் பெயர் ஆவுடையப்பன், ராஜபாளையம்.

அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. காசிராஜன் பேப்பரை வாங்கிக்கொண்டான். ரெண்டாவது, ஆலங்குளம் சிமெண்ட் ஃபாக்டரிக் குடியிருப்பில் ஒருத்தர். போன் போட்டார்கள். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டாராம். மூன்றாவது ஆள் வ. புதுப்பட்டி என்கிற தூரத்துக் கிராமத்தில், போன் கிடையாது, போய்வர நேரமும் கிடையாது. நாலாவது, பரிபூரணம், மம்சாபுரம். பக்கத்து மளிகைக்கடை போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னால் கடைக்காரர் ஆளை அழைத்து வருவார்.

"செத்த நேரம் லைன்ல இருங்க," என்று கடைக்காரர் போனார். ஆவுடையப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு பெண்குரல் மூச்சு வாங்க, "யாரு?" என்றது.

"அம்மா, ராஜபாளையம் ரத்ததானக் குழுவிலேருந்து பேசுதேன். ஒங்க ரத்தம் ஓ நெகட்டிவ். என் சம்சாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல உயிருக்குப் போராடுதா. நீங்க வரணும் தாயி." ஆஸ்பத்திரியின் பெயரையும் தெருவையும் சொன்னார். "சண்முகத்தாய்னு பேரு. இப்ப நானே வண்டியக் கொண்டாந்து..."

டொக்கென்று போன் வைக்கப்பட்டது. திரும்பப் போட்டால் கடை போன் என்கேஜ்டாகவே இருந்தது.

"பயந்துட்டா," என்றார் ஆவுடையப்பன். ரத்தம் என்றதும் ஓடி ஒளிகிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! காலில் விழுந்தாவது கூட்டிப் போவது என்று வண்டியை எடுத்தார். மம்சாபுரத்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ரெண்டு இருபது. கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு ரெண்டு வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அது திமிறித் திமிறி அழுதது.

"பரிபூரணமா? போன் வந்துச்சு. பிள்ளைய என் கையில திணிச்சுட்டு ஓடுனா. எங்கன்னு கேட்டதுக்குக் கூடப் பதில் சொல்லலை. ஏட்டி சம்முவத்தாயி, சும்மா இருட்டி, ஒங்கம்மா வந்துருவா!"

மனைவியின் பெயர் காதில் விழுந்தும் ஆவுடையப்பனுக்கு மண்டையில் ஏறவில்லை. ஓடிவிட்டாள் என்பது மட்டும்தான் ஏறியது. தெருத் தெருவாகத் தேடினார். காட்டுப்பக்கம் போய், பெயர் சொல்லிக் கூவினார். ரெண்டரை தாண்டியது. ரெண்டே முக்கால் ஆனது. இனி யாரைத் தேடி என்ன? வெறுங்கையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியைத் திருப்பினார். கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது, கும்பிடக் கையைத் தூக்கப் பயமாக இருந்தது. காலையில் கும்பிட்ட லட்சணந்தான் தெரியுமே.

ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்தார். வண்டியை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்குச் சாய்ந்து விழுந்தது.

"ஏறிக்கிட்டிருக்கு மாப்ளே," என்றாள் மாமியார். "ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு. நீங்க அனுப்புன பிள்ளை அப்பமே வந்துட்டா."

உள்ளே ஓடினார். சண்முகத்தாயின் கைக்குச் சிவப்புக் குழாய் போயிருந்தது. நாடியைப் பிடித்திருந்த டாக்டரம்மா நிமிர்ந்து, "மதுரைலேருந்து வர்ற வரைக்கும் தாங்கும்," என்றார். அடுத்த அறைக் கட்டிலில், மண் ஒட்டிய பாதங்களோடு ஒரு பெண் படுத்திருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு. நர்ஸ் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானாம்மா பரிபூரணம்?" என்றார். மேலே என்ன கேட்பதென்று தெரியாமல், "பேசிக்கிட்டு இருக்கையிலயே போனை வச்சுட்டியே தாயி," என்றார்.

"ஒங்ககிட்டப் பேசிக்கிட்டு நின்னா ரெண்டு மணி பஸ்ஸு போயிரும்லா?" என்றாள் அவள். "எம்மவ பொறந்தப்ப பெரியாஸ்பத்திரியில எனக்கு ரத்தங் குடுத்தது அந்த மகராசி. பேரு ஒண்ணுதான் தெரியும். ரெண்டு வருசமா அந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளையக் கூப்பிடுதேன். ஒங்க முகாம்ல எம்பேரைக் குடுத்ததும் அதுக்குத்தான்." காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். "அவிய ரத்தந்தானே அண்ணாச்சி. எங்கிட்டக் கெடந்துச்சு. போதாதுன்னா இன்னும் எடுத்துக்கிடச் சொல்லுங்க."